அடுத்த சந்தில் சிரிக்கும் என் மகன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் நிறைய இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பதினொரு வயதில் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கென்று கல்கத்தாவுக்கு வந்தேன். அதன் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் சாமான் சீட்டுத்தான். உளுந்து, புழுங்கலரிசி, பெருங்காயம் என்றெல்லாம் தவறில்லாமல் எழுதிவிடுவேன். பொறாமை என்று எழுதியது இதுதான் முதல் தடவை. அதையும் மனைவியிடம் கேட்டுத்தான் எழுதினேன். "யார் மேல?" என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

காளிகாட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் எனக்கு ஒரு இட்லிக் கடை இருக்கிறது. பின்னால் ஒரு சந்தில் ஓர் அறையில் குடியிருக்கிறோம். நான், மனைவி, ஒரே மகன். மகனுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. வங்காளப் பள்ளிக்கூடம். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் அவன் பக்கம் பக்கமாக எழுதுவான். வீட்டில் தமிழ் பேசுவான், ஆனால் நாலு சொல்லுக்கு மேல் போனால் வங்காளத்துக்கு மாறிவிடுவான். என்னோடு நாலு சொல்லுக்கு மேல் போனதில்லை.

இங்கே சரஸ்வதி பூஜை தை, மாசியில் வரும். இந்த வருஷம் அந்தச் சிலையைக் கரைக்கக் கொண்டுபோன சாயங்காலம், எங்கள் தெருக் கிளப்பின் வேனும் அடுத்த தெருக் கிளப்பின் வேனும் ஒரே சந்தில் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. யார் வேனைப் பின்னால் எடுப்பது என்று சத்தம். பாட்டுப் பெட்டியின் ஒலியைக் கூட்டினார்கள். யாரோ ஒருவன் தள்ளினான். சிலையைத் தூக்கிய மூங்கிலை எங்கள் கிளப்பின் பெரிய பையன்களில் ஒருவன் உருவி என் மகன் கையில் கொடுத்திருக்கிறான். என் மகன் வீசியிருக்கிறான். எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவனின் வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது.

அந்தப் பையனும் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடம்தான். பத்தாம் வகுப்பு. அரசுப் பரீட்சைக்கு அப்போது சில நாட்களே இருந்தன.

செய்தி கேட்டதும் நான் செய்த முதல் காரியம் மகனை அடித்ததுதான். "ஏம்ல அடிச்ச? சொல்லுல, ஏம்ல அடிச்ச?" பெல்ட்டை எடுத்தேன். "தெரியாது" என்றான். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் "தெரியாது." நான் வெளியில் வாய் திறக்காத ஆள். வாடிக்கையாளர் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்க மாட்டேன். வீட்டுக்குள் மட்டும் என் கை கனமாக இருந்திருக்கிறது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் அந்தப் பையனின் அப்பா கடைக்கு வந்தார். கரியாஹாட் லைனில் ஆட்டோ ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். போலீசோடு வருவார் என்று நினைத்திருந்தேன், தனியாகத்தான் வந்தார். நாலு இட்லி வாங்கித் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பாதி இந்தி பாதி வங்காளத்தில் பேசினார். தாதா என்றால் இங்கே அண்ணன்.

"தாதா, கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம். கேஸ் போட்டா என் பையனுக்குக் கை வந்துடுமா? அவனுக்குப் பரீட்சை எழுத ஓர் ஆள் வேணும். கீழ்வகுப்புப் பையன்தான் எழுதலாமாம், அதுதான் சட்டமாம். உன் பையன் கீழ்வகுப்புத்தானே?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் உரக்கச் சிரித்தார்.

"உடைச்ச கையே எழுதட்டும்!"

தலைமையாசிரியர் முதலில் தயங்கினாராம். ஆட்டோக்காரர் அவர் மேஜை முன்னாலேயே உட்கார்ந்து மனுவை எழுத வைத்து, மேலே அனுப்பி அனுமதி வாங்கிவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் மகன் அடுத்த சந்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். கட்டுப் போட்ட பையன் விடையைச் சொல்லச் சொல்ல இவன் எழுதிப் பழக வேண்டும். அதுதான் தண்டனை.

முதல் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். மூன்றாம் நாள் நான் கடையை மூடும் முன்பே கிளம்பியிருந்தான். ஐந்தாம் நாள் சாப்பிட்டுவிட்டு வந்தான். "காக்கிமா மீன் கொடுத்தாங்க" என்றான். சித்தி மாதிரி, அந்த வீட்டு அம்மா. ஆட்டோக்காரரை அவன் "காக்கு" என்றான், சித்தப்பா மாதிரி. எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அவன் தட்டில் என் மனைவி போட்ட ரசம் சாதம் அப்படியே ஆறிப்போய் இருந்தது. அன்றுதான் அது என் வயிற்றுக்குள் முதலில் வந்து உட்கார்ந்தது. பசி என்றுதான் நினைத்தேன்.

பரீட்சை முதல் நாள் காலையில் ஓர் அப்பாவாக நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இட்லிதான் கொடுப்போம். வயிற்றைத் தொந்தரவு செய்யாது. முதல் ஈட்டை எடுத்துத் தூக்குச் சட்டியில் அடுக்கி, மேலே நாலு மெதுவடை வைத்து, சட்னியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு வங்காள வீட்டுக்குள் காலை நேரத்தில் போனது அன்றுதான். காலையில் நான் எப்போதும் தோசைக்கல் முன்னால்தான் நிற்பேன்.

கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது இதுதான். அந்த அம்மா கையில் தயிர்க் கிண்ணத்தோடு நின்றாள். இரண்டு பையன்களின் நெற்றியிலும் தயிரால் பொட்டு. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இங்கே தாய் வைக்கும் பொட்டு அது. என் மகன் நெற்றியில் அவள் வைத்திருந்தாள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். என் காலை அவன் தொட்டதில்லை. தொடச் சொல்லி நான் பழக்கியதும் இல்லை.

தூக்குச் சட்டியைத் திறந்தேன்.

"ஐயோ அம்மா!" என்று அந்த அம்மா இரண்டு எட்டுப் பின்னால் போனாள். "உருண்டையா! எல்லாம் உருண்டையா! சூன்யம்! சூன்யம்!"

முட்டை, ரசகுல்லா போல உருண்டையாக எதையும் பரீட்சை அன்று இவர்கள் வீட்டில் கண்ணில் காட்ட மாட்டார்கள். சைபர் வந்துவிடும் என்று பயம். முட்டை ஆகாது என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். இட்லிக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிலும் வடை. நடுவில் ஓட்டை வேறு. நூற்றுக்கு நூறு சைபர்.

கட்டுப் போட்ட பையன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குச் சட்டியை மூடவும் கை வரவில்லை. ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே வந்து சட்டியைப் பிடுங்கினார்.

"கொடு தாதா, எல்லா சைபரும் எனக்கு. நான் ஆறாங் கிளாஸிலேயே பெயிலான ஆள், இதுக்கு மேல எனக்கு என்ன ஆகப் போகுது?"

நின்றபடியே இரண்டு வடையை வாயில் போட்டார். கன்னம் உப்பிக்கொண்டது. என் மகன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான். அது எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். வங்காளத்தில் கேட்டான், அவர்களுக்கும் புரியட்டும் என்று.

"நீ ஏன் இங்கே வந்தே?"

காலிச் சட்டியோடு திரும்பி வந்தேன்.

பரீட்சை முடிந்தது. ஒவ்வொரு தாளையும் அவன் எழுதிக் கொடுத்தான். தண்டனையும் அதோடு முடிந்திருக்க வேண்டும், ஆனால் அவன் போவது நிற்கவில்லை. லூடோ விளையாடினார்கள். ஆட்டோவைக் கழுவினார்கள். கடைக்கு வரும் அந்தச் சந்துக்காரர்கள், "உன் பையன் ரொம்ப நல்ல பையன், பெரியவங்களைக் கண்டா நின்னு பேசுறான்" என்றார்கள். தலையாட்டினேன். என் பையனைப் பற்றி எனக்கு அடுத்தவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் பள்ளியில் பெற்றோரை அழைத்தார்கள். பிள்ளைகளோடு பேசுவதற்கென்று வருகிற ஒரு அம்மா, சண்டையில் சேர்ந்த பையன்களின் அப்பா அம்மாவை வட்டமாக உட்கார வைத்தாள். "உங்கள் பிள்ளையை அந்த இடத்துக்குத் தள்ளியது எது? இனிமேல் போகாமல் பிடித்து வைப்பது எது?" என்று கேட்டாள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். செல்போன் என்றார்கள், கெட்ட சேர்க்கை என்றார்கள். என் முறை வந்தபோது நான் தரையைப் பார்த்தேன். அவள் வற்புறுத்தவில்லை.

தள்ளியது எது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. விடிவதற்கு முன்பே நானும் மனைவியும் மாவோடு கடைக்கு வந்துவிடுவோம். அவன் தானே எழுந்து தானே பள்ளிக்குப் போவான். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் பூட்டைத்தான் பார்ப்பான். பள்ளியில் அவனுக்கு "இட்லி" என்று பெயர். கிளப்பில் பெரிய பையன்கள் அவனுக்கு ஒரு சட்டை கொடுத்து, வேனில் முன்னால் நிற்க இடம் கொடுத்து, "பாஸ்" என்று கூப்பிட்டார்கள். பிறகு என் பெல்ட். இவ்வளவையும் சொல்லியிருப்பேன். பிடித்து வைப்பது எது என்ற கேள்விக்குத்தான் வாய் வரவில்லை. அதற்கு வேறொரு ஆளைச் சொல்ல வேண்டும். அவரும் அதே வட்டத்தில், எனக்கு எதிரே, காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அடிபட்ட பையனின் அப்பா என்று அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்தச் சந்து வழியாகப் போனேன். வேறு வழி இருந்தது, இருந்தாலும் அந்த வழியாகத்தான் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டில்மேல் காகிதத்தில் பொரியும் கடலையும் கொட்டி மூன்று பேரும் தின்றுகொண்டிருந்தார்கள். என் மகன் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் வீசலேன்னா எல்லாரும் 'இட்லி இட்லி'ன்னு சிரிச்சிருப்பாங்க, காக்கு. அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. மூங்கில் கையில இருந்துச்சு. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"பயம்னா கத்திட்டு ஓட வேண்டியதுதானே? நான்லாம் எத்தனை தடவை ஓடியிருக்கேன்! என் ஓட்டத்தைப் பார்த்திருக்கணும் நீ" என்றார் ஆட்டோக்காரர், கடலையை மென்றுகொண்டே.

"பார்த்திருக்கேன்ப்பா, அம்மா துரத்தும்போது" என்றான் கட்டுப் போட்டவன்.

பெல்ட்டால் அடித்து நான் கேட்டுக் கிடைக்காத பதில், அங்கே ஒரு கைப்பிடிப் பொரிக்குக் கிடைத்துவிட்டது. இருட்டத் தொடங்கும் வரை அந்தச் சந்தில் நின்றேன். மகனின் மனம் தெரிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த மனிதரின் ஆட்டோ கவிழ்ந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். சங்கரன்கோவிலில் அண்ணன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகனை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கிளப் பையன்களின் கண்ணில் படாமல் இருப்பான் என்று மனைவியிடம் சொன்னேன். ஹோலிக்கு அடுத்த வாரம் பயணம்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க போயி அவன் என்ன செய்வான்? தமிழ்ல தன் பேரை எழுதத் தெரியாது அவனுக்கு. இங்க இருக்கிற பயலுவ இட்லின்னானுவ, அங்க இருக்கிற பயலுவ வங்காளிம்பானுவ. திரும்ப எவன் கையையாச்சும் உடைச்சான்னா அங்க யாரு வந்து நிப்பா?"

மாவை எடுத்துக் கலக்கத் தொடங்கினேன்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. உங்களுக்குப் பயம் அந்தக் கிளப்புப் பயலுவ மேலயா, அந்த ஆட்டோக்காரர் மேலயா?"

மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஹோலி அன்று காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கடை திறந்தேன். மகனையும் உடன் வைத்துக்கொண்டேன். அவன் முகம் கொடுக்கவில்லை. டிக்கெட் விஷயம் அம்மா மூலம் தெரிந்திருக்கும். கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்போது கிளப் பையன்கள் ஐந்து பேர் வந்தார்கள். முகத்தில் வெள்ளிச் சாயம், கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. ஒருவன் பெயின்ட் டப்பாவோடு ஒரு கம்பும் வைத்திருந்தான்.

"பாஸ், வா. அந்தத் தெருக்காரங்க இன்னிக்கு வருவாங்க. கணக்கு பாக்கி இருக்கு."

"கடையில வேலை இருக்கு" என்றான் என் மகன்.

"அட, பாஸ் இல்லடா இது. இட்லி! கையை உடைச்ச வீட்டுலேயே போய்ச் சோறு தின்ற இட்லி!"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கடைப் பலகையைத் தட்டித் தாளம் போட்டான். என் மகன் காது சிவந்தது. அவன் கையில் தோசைத் திருப்பி இருந்தது. இரும்பு. அதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன். பதினாலு வயதில் மாமா கடையில் கூட வேலை பார்த்த ஒருத்தன் மேல் நான் கொதிக்கும் சாம்பாரை வீசியிருக்கிறேன். வீசுவதற்கு முன்னால் என் கை எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்கவில்லை.

நான் ஏதாவது செய்ய வேண்டும். அவன் தோளைப் பிடித்து உள்ளே இழுக்கலாம் என்று கையை நீட்டினேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். என் கை அவன் மேல் பட்டால் அடி என்றுதான் அவன் உடம்பு எடுத்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் அடிக்க மட்டும்தான் அந்தக் கையை அவன் மேல் வைத்திருக்கிறேன். அவன் கையிலிருக்கும் திருப்பி அப்போதே பறந்துவிடும்.

என் போனில் ஆட்டோக்காரரின் எண் இருந்தது. பரீட்சைச் சமயத்தில் அவரே வாங்கிப் பதிந்து கொடுத்தது. ஒருநாளும் நான் அழைத்ததில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழைத்தேன்.

"தாதா, வாங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

"கடைக்கா? இதோ" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அவர் வரும் வரை என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தட்டுகளை எடுத்தேன். மூன்று மூன்று இட்லி வைத்து, விளிம்பு வரை கொதிக்கும் சாம்பாரை ஊற்றி, ஒவ்வொரு பையன் முன்னாலும் நீட்டினேன். "சாப்பிடுங்க, இன்னிக்குக் காசு வேண்டாம்" என்றேன், பலகையைப் பார்த்தபடி. அந்தத் தட்டை ஒரு கையால் பிடிக்க முடியாது, சிந்திச் சுடும். கம்பு வைத்திருந்தவன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பையன்கள்தானே. பசி இருந்தது. ஊதி ஊதித் தின்றார்கள். தீரத் தீரச் சாம்பார் ஊற்றினேன்.

ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் அவர் மகன். போன வாரம்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள், அந்தக் கை குச்சி மாதிரி மெலிந்திருந்தது. ஆட்டோக்காரர் தலை முதல் கால் வரை ரோஜா நிறத்தில் இருந்தார்.

"ஏய்! என் பையனுக்கு ஒரு கை வேலைக்கு ஆகாது, கலர் கரைக்க ஆள் இல்ல. சீக்கிரம் வா, காக்கிமா கத்துறா!"

கிளப் பையன்களைப் பார்த்து, "நீங்க தின்னுங்கப்பா, அந்த மனுஷன் சட்னி பிரமாதம்" என்றார்.

என் மகன் திருப்பியைக் கல் ஓரத்தில் வைத்தான். ஆட்டோவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"போகட்டாப்பா?"

தமிழில் கேட்டான்.

"போ" என்றேன்.

ஆட்டோ கிளம்பிப் போனது. தட்டுகளைப் பலகைமேல் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் பையன்களும் போனார்கள். அன்று மத்தியானம் பக்கத்துத் தெருவில் அடிதடி நடந்தது. இரண்டு பையன்களைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஒருவன் முகத்தில் அப்போதும் வெள்ளிச் சாயம் இருந்தது. அந்த நேரத்தில் என் மகன் அடுத்த சந்தில் ஒரு வாளியில் பச்சைக் கலரைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் டிக்கெட்டை ரத்து செய்தேன். சாயங்காலம் மகன் கேட்டான், "டிக்கெட் என்னாச்சு?"

"வேண்டாம்னு கொடுத்துட்டேன்."

"கேனோ?" என்றான். ஏன் என்று.

ஏன் என்று அவனிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. "அங்க உனக்கு ஆள் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவன் தூக்குச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்தான், நான் சொல்லாமலே. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கே என்று கேட்கவில்லை.

பெல்ட் இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது, கழற்றுவதில்லை. கிளப்பிலிருந்து யாரும் மறுபடி வரவில்லை, வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான் என்பதும் எனக்குத் தெரியும். அது நானாக இருக்க மாட்டேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆட்டோக்காரர் காலையில் கடைக்கு வந்து "தாதா, நாலு சைபர் கொடு" என்று கத்தும்போது, பெரிய இட்லியாகப் பார்த்துத்தான் எடுத்து வைக்கிறேன், ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இதை எழுதும்போதும் என் மகன் அங்கேதான் இருக்கிறான். ஜன்னல் வழியாகச் சத்தம் வருகிறது. யாரோ ஏமாற்றி ஆடுகிறார்கள், யாரோ சண்டை பிடிக்கிறார்கள், அவன் சிரிக்கிறான். எனக்கு நெஞ்சு எரிகிறது. போய் அழைத்து வரலாம், நாலு எட்டுத்தான். போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சித்திரை மாதம் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, சாயங்காலம்.